புகையருவிக்கு இரண்டு வழி

வலங்கைமான் ஆமினா ஐம்பத்தோரு வயது வரைக்கும் ஏறிய உயரம் என்றால் அது அவள் வீட்டு மொட்டைமாடிதான். வடகம் காயவைக்க ஏறுவாள். காக்கை வருவதற்குள் அள்ளிக்கொண்டு இறங்குவாள். அதற்கு மேல் ஏறுவதற்கு அந்தப் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. வயல், வயலைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் அடுத்த ஊர்க்காரன் வயல். அப்படிப்பட்டவள் கொல்லிமலையில் நாற்பது நாள் தங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ தெருமுனைக் கடைக்கே ஆட்டோ கேக்குற ஆளு," என்றாள்.

ஏற்பாடு செய்தது ஆமினாவின் புருஷன் மீரா உசேன். ஷார்ஜாவில் ஒரு மளிகைக்கடையில் இருபத்தொன்பது வருஷம் நின்றுவிட்டு அந்த பிப்ரவரியில்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் பத்து வருஷம் இருந்த பாபநாசம் சைபுல்லா முன்பே திரும்பிவந்து, கொல்லிமலையில் நாலு ஏக்கர் வாங்கி மிளகும் காப்பியும் போட்டிருந்தார். சைபுல்லாவும் அவர் மனைவியும் இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள்.

"தோட்டத்த அம்சம்னு ஒரு பொண்ணு பாத்துக்கும். வீட்டுல ஒரு வெளக்கு எரியணும், அவ்வளவுதான். நீங்களும் தங்கச்சியும் வந்து இருங்க மீராண்ணே," என்று அவர் கேட்டார். மீரா உசேன் யோசிக்காமல் சரி என்றார்.

ஆமினா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வந்து போன மனிதர் அவர். மற்ற நாளெல்லாம் போன்தான். போனில் அவரைப்போல் பேச ஆள் கிடையாது. ஷார்ஜா மீன் சந்தையில் என்ன வந்தது, எந்த மலையாளி எந்தப் பாகிஸ்தான் பட்டாணியோடு சண்டை போட்டான், எந்த வீட்டுக்கார அம்மா தயிரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள் என்று ஒன்று விடாமல் சொல்வார். ஆமினாவும் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதே மனிதர் இப்போது முழுநேரமும் வீட்டில் இருந்தார், பேச்சைத்தான் காணோம். "சோறு ஆச்சா?", "கரண்ட் பில் கட்டியாச்சா?" இவ்வளவுதான். மீதி நேரத்தில் அவள் சமையலறை டப்பாக்களைக் கடை ஒழுங்குக்கு மாற்றி அடுக்கினார். முதலில் கெட்டுப்போவது முன்னால், நாள் தாங்குவது பின்னால். ஆமினாவுக்கு மல்லித்தூள் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. மலையிலாவது அவள் டப்பாக்கள் இருக்காது என்று நினைத்தாள்.

மே மாத நடுவில் கிளம்பினார்கள். காரவள்ளியைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு நம்பர் எழுதியிருந்தது. மீரா உசேன் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டில் ஆமினா கண்ணை மூடினாள். முப்பதில் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தாள். நாற்பத்தாறில் ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். எழுபது முடிந்து செம்மேட்டில் இறங்கியபோது, அவள் முகம் வெளுத்து, முக்காடு கலைந்து, ஒரு கையில் பையும் மறு கையில் நசுங்கிய எலுமிச்சம்பழமுமாக நின்றாள்.

அம்சம் அங்கே காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, நரம்பு தெரியும் கைகளோடு, யாரையும் நேராகப் பார்க்கும் பெண். அவள் முதலில் பார்த்தது ஆமினாவின் செருப்பை.

"இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு எங்கயும் போக முடியாதுக்கா."

"நான் எங்கயும் போகப் போறதில்லம்மா," என்றாள் ஆமினா.

தோட்டத்து வீடு ஓட்டு வீடு. சுற்றிலும் சவுக்குப்போல் நெடுநெடுவென்று வளர்ந்த மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் காப்பிச் செடி. பின்பக்கம் பலா. பழக்காலம் ஆனதால் வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் பலாவாசம் அடித்தது. காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்துவிடும். மே மாதத்தில் ஸ்வெட்டர் போடுவது ஆமினாவுக்கு ஏதோ தப்புச் செய்வதுபோல் இருந்தது. வீட்டில் போன் எடுக்காது. சென்னையிலிருக்கும் மகள் ஷமாவிடம் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

மீரா உசேனுக்கு இரண்டாம் நாளே வேலை கிடைத்துவிட்டது. சைபுல்லாவின் சாமான் அறையை ஒழுங்குபடுத்தினார். உர மூட்டை, கவாத்துக் கத்தி, கயிறு எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டினார். அம்சம் ஒரு சீட்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"கத்தி மேல கத்தின்னு எழுதி வெச்சிருக்காரே, எதுக்குக்கா?"

"அவங்களுக்கு அதுல ஒரு நிம்மதி," என்றாள் ஆமினா.

வந்த நாளிலிருந்து அவள் காதில் ஒரு சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. தூரத்தில் ஒரு பஸ் வருவதுபோல் இருக்கும். ஆனால் வந்து சேராது. நாலாம் நாள் அம்சத்திடம் கேட்டாள்.

"அது ஓடைக்கா. நம்ம தோட்டத்துக்குக் கீழ மூணு எடத்துல விழுது. மொதல்ல ஆட்டுத்துறை, கால் மணி நேரம் நடக்கணும். அப்புறம் நொரைப்பாறை. கடைசில புகையருவி. அங்க போய்ட்டு வர அரை நாள் ஆயிடும்."

மீரா உசேன் சாமான் அறையிலிருந்தபடியே சொன்னார்: "அதெல்லாம் வேணாம். பாறை வழுக்கும். அட்டை கடிக்கும். வருஷா வருஷம் அருவியில செத்தவன் கதை பேப்பர்ல வருது."

மறுநாள் காலை ஆமினா, "மிளகு பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அம்சத்தோடு கிளம்பினாள். காலில் வெள்ளை ஷூ. சர்க்கரை இருக்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன வருஷம் ஷார்ஜாவிலிருந்து அவர் அனுப்பியது. நாலு வருஷம் பீரோவில் அந்துருண்டையோடு கிடந்ததை, மலை குளிருமே என்று அவரே பெட்டியில் வைத்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கால் கூசியது, மூச்சு வாங்கியது. அம்சம் முன்னால் ஆட்டுக்குட்டிபோல் போய்க்கொண்டிருந்தாள்.

ஆட்டுத்துறை ஒன்றும் பெரிய அருவி இல்லை. ஓர் ஆள் உயரம். ஆனாலும் ஆமினா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்பாரில்லாமல் அவ்வளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இத யாரு தொறந்து விடுறது?" என்று அவள் கேட்டதும் அம்சத்துக்குப் புரியவில்லை.

"எங்க ஊர்ல தண்ணி தானா வராதும்மா. ஜூன்ல மேட்டூர்ல தொறக்கணும். அது கல்லணைக்கு வரணும். அங்க தொறந்தாதான் குடமுருட்டிக்கு வரும். அதுலேருந்து வாய்க்காலுக்கு, வாய்க்கால்லேருந்து வயலுக்கு. மேலத்தெரு வயலுக்கு ஒரு நாள், கீழத்தெரு வயலுக்கு ஒரு நாள். அதுலயும் மடைய மாத்தி வெட்டிட்டான்னு மம்பட்டியத் தூக்குவாங்க."

அம்சம் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "இதுவும் கீழ போய்க் காவேரியிலதான் சேருதுன்னு சொல்லுவாங்க. அப்ப நாங்க குளிச்ச தண்ணியில நீங்க சோறு ஆக்குறீங்க."

ஆமினா சிரித்தாள். ஷூவைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை தண்ணீரில் இறங்கினாள். குளிர் பல்லுக்கு ஏறியது. அப்போது அவளுக்குக் காரைக்கால் ஞாபகம் வந்தது. கல்யாணமான மூன்றாம் வாரம், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மச்சினிகள், நாத்தனார்கள் எல்லோரும் அலையில் இறங்கிக் கூத்தடித்தார்கள். புது மாப்பிள்ளை மட்டும் இறங்கவில்லை. மணலில் தள்ளி நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தார். அவள் இரண்டு முறை கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாள். பிறகு பிள்ளை பிறந்தது, போன் வந்தது, எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஆனால் அந்த மணல் மட்டும் எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது.

தினமும் மிளகு பார்க்கப் போனாள். ஒரு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது. அடுத்த வாரம் நொரைப்பாறைக்கு இறங்கினாள். அங்கே தண்ணீர் சாய்வுப் பாறையில் சறுக்கிக்கொண்டு வந்து, சோப்புக் கரைத்ததுபோல் நுரைத்து நின்றது. இடுப்பளவு நனைந்து, ஓட்டமும் நடையுமாக ஏறி வீட்டுக்கு வந்து, நல்ல பிள்ளையாகப் பலாக்கொட்டை உரிக்க உட்கார்ந்தாள்.

மீரா உசேன் அவள் காலைப் பார்த்தார். வெள்ளைச் சாக்ஸில் ரத்தம் படர்ந்திருந்தது. குனிந்து, சாக்ஸை இறக்கி, கணுக்காலில் கொழுத்துத் தொங்கிய அட்டையை உப்பு வைத்து எடுத்துப் போட்டார்.

"மிளகுக் கொடியில அட்டை இருக்குமா ஆமினா?"

அவள் அடுத்த பலாக்கொட்டையை எடுத்து உரித்தாள்.

"பொடவை எதுல நனஞ்சுது?"

"நொரைப்பாறையில," என்றாள். "பத்து நாளா அருவிக்குத்தான் போறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நீங்க செம்மேடு போனப்பவும் போனேன். நாளான்னைக்குப் புகையருவிக்குப் போறதா இருக்கோம்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் உப்பு டப்பாவை மூடினார், எடுத்த இடத்தில் வைத்தார், சீட்டு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார்.

"நானும் வரேன்," என்றார்.

காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் பொட்டலமாகக் கட்டி மீரா உசேனின் தோள்பையில் வைத்தாள். அவர் கையில் ஒரு கம்பு. முதல் அரை மணி நேரம் உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்: இங்கே பிடி, அங்கே பார், அம்சம் மெதுவா போ. நொரைப்பாறைக்குப் பிறகு அவருக்கு மூச்சுக்கே மூச்சுப் போதவில்லை, உத்தரவு நின்றுபோனது. காட்டுக்குள் பாதை குறுகியது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பத்து மணிக்கு ஓடையைக் கடக்கும் இடம் வந்தது. இருபதடி அகலம் இருக்கும், முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் ஆழம். அம்சம் கடந்துபோய், அந்தப் பக்கத்துப் பாதையை மூடியிருந்த முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். ஆமினா ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாறை பாறையாகக் கையூன்றிக் கடந்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தாள். மீரா உசேன் அந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க," என்று கத்தினாள். அருவிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையசைத்தாள். அவரும் கையசைத்தார்; வருகிறேன் என்கிறாரா, போ என்கிறாரா, திரும்பி வா என்கிறாரா என்று விளங்கவில்லை. ஐந்து நிமிஷம் இப்படியே போனது. பிறகு ஆமினாவுக்கு ஒன்று தோன்றியது. அந்த இடத்தில் மலை திறந்து, கீழே சமவெளி தெரிந்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். நாலு கோடும் இருந்தது. சத்தம் அதிகம் வராமல் ஒரு பாறையின் மறைவில் ஒதுங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

எதிர்க்கரையில் அவர் சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்து, மரத்தடிக்கு நகர்ந்து காதில் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லு ஆமினா. சாப்டியா?"

எதிரே நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இருபத்தொன்பது வருஷப் பழக்கம் அது. ஆமினாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"வ அலைக்கும் ஸலாம். இன்னும் இல்ல. பொட்டலம் உங்க பையில இருக்கு."

"ஆமா, இருக்கு."

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

அவர் திரும்பி நின்றுகொண்டார். அவளுக்கு முதுகுதான் தெரிந்தது. குரல் மட்டும் காதுக்குள் தெளிவாக வந்தது.

"எனக்குத் தண்ணின்னா பயம்."

ஆமினா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஒம்பது வயசுல குடமுருட்டியில போயிட்டேன். படித்துறையில நின்னேன், வழுக்கிடுச்சு. பாலம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. துணி வெளுத்துக்கிட்டிருந்த ஒருத்தர் முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. அதுலேருந்து முட்டிக்கு மேல தண்ணின்னா கண்ணு இருட்டும். ஷார்ஜாவுல ரூம்லேருந்து கடல் அஞ்சு நிமிஷம். ஒரு நாள் கால நனச்சதில்ல."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"ஆத்தங்கரையில பொறந்துட்டு இத எப்படிச் சொல்றது? அதுவும் கட்டுனவகிட்ட."

"அப்ப காரைக்கால்ல?"

"காரைக்கால்ல நீ மஞ்சப் பொடவை கட்டியிருந்த. அல உன்ன இழுத்துடும்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. இறங்கிப் புடிக்கவும் தைரியம் இல்ல. உன் மேலேருந்து கண்ண எடுக்காம நின்னுக்கிட்டிருந்தேன்."

"நீங்க செருப்பப் பாத்துக்கிட்டிருந்ததா நெனச்சேன்," என்றாள் ஆமினா. "என்னப் புடிக்கலன்னு நெனச்சேன்."

"லூசு," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "முப்பது வருஷமாவா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமாத்தான். தெனமும் இல்ல. அப்பப்ப."

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்சம் முள்ளை வெட்டி முடித்துவிட்டு, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று போன் பேசுகிறவர்களை மாறி மாறிப் பார்த்தாள். இவர்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் முடிவு செய்ததுபோல் இருந்தது.

"நான் திரும்பி வந்துடட்டுமா?" என்று ஆமினா கேட்டாள்.

"வேணாம். இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்கு? நீ போய்ப் பாத்துட்டு வா. போன வெக்காத. என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே போ."

ஆமினா சொல்லிக்கொண்டே போனாள். பாதையில் காட்டுக்கறிவேப்பிலை நிற்கிறது, வாசம் வருகிறது. இப்போது ஒரு மரத்தைத் தாண்டுகிறேன், விழுந்துகிடக்கிறது, பாசி மெத்தைபோல் இருக்கிறது. ஒரு அணில், நம்ம ஊர் அணில் நாலு சேர்ந்த அளவு, வால் கறுப்பு. இப்போது பெரிய பாறை. திரும்பினால் தெரியும் என்கிறாள் அம்சம். திரும்பினேன்.

"ஆமினா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன்." போனை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னாள். "நம்ம ஊர் மில்லுல நெல்லு அரைக்கிறப்ப உமி பறக்கும்ல, அந்த மாதிரி பறக்குது. பாதி தண்ணி கீழயே வந்து சேரல. நடுவுலயே புகையாப் போயிடுது. தண்ணியில ரெண்டு வானவில்லு இருக்கு. ஒண்ணு பளிச்சுன்னு, ஒண்ணு மங்கலா. என் மூஞ்சியெல்லாம் நனஞ்சு போச்சு."

"கண்ணாடி பத்திரம்."

"கண்ணாடி நீங்கதான் போட்டிருக்கீங்க."

அதற்குள் அவள் போனிலும் தண்ணீர் ஏறி, லைன் அறுந்தது.

திரும்பி வந்து ஓடையைக் கடந்து, மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். அவர் விடாமல் கேட்டார். உயரம் எவ்வளவு, எத்தனை பனைமரம் இருக்கும், மேலே எங்கிருந்து வருகிறது, பக்கத்தில் உட்கார இடம் உண்டா. ஆமினா சொல்லச் சொல்ல அம்சம் முட்டையைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் அவளே கேட்டாள்.

"ஏங்க பாய், ஓடையில எறங்கத்தான் பயமா?"

மீரா உசேன் ஆமினாவை ஒரு தடவை பார்த்தார். "ஆமாம்மா. பயம்தான்."

"இத வீட்டுலயே சொல்லியிருந்தா மேட்டு வழியா கூட்டிட்டுப் போயிருப்பேனே. அதுல தண்ணியே குறுக்க வராது. மலைய ஒரு சுத்து சுத்தணும். மூணு மணி நேரம் கூட ஆகும், ஏத்தமும் சாஸ்தி. எங்க மாமியாருக்கும் பாம்பு பயம், அவங்க அந்த வழியாத்தான் போவாங்க."

"அந்த வழியில பாம்பு இல்லியா?"

"அங்கயும் இருக்கு. அவங்களுக்குத் தெரியாது."

இரண்டு நாள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, மூன்றாம் நாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். மேட்டு வழி அம்சம் சொன்னதைவிட மோசமாக இருந்தது. சாமை வயல்களின் ஓரமாக ஏறி, வழுக்குப்புல்லில் உட்கார்ந்து சறுக்கி, ஒரு முகட்டைத் தாண்டினால் அதற்குப் பின்னால் இன்னொரு முகடு நின்றது. மீரா உசேன் ஆறு இடத்தில் உட்கார்ந்தார். ஐந்தாவது இடத்தில், "நான் செத்தா சைபுல்லாகிட்ட சொல்லிடு, உர மூட்டைக் கணக்கு சரியா இருக்கு," என்றார். வழியெல்லாம் பேசினார். ஷார்ஜாவில் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் நின்றுபோன நாளில் அரிசி மூட்டை ஏற்றிய கதையைச் சொன்னார். அது ஆமினா ஏற்கெனவே போனில் கேட்ட கதைதான். நேரில் கேட்டபோது, மூட்டை கனத்தை அவர் கையால் காட்டும் விதம் புதிதாக இருந்தது.

பகல் பதினொன்றரைக்கு அருவிக்கு எதிரே, கொஞ்சம் மேடான பாறையில் போய்ச் சேர்ந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் வந்து மூவரையும் நனைத்தது. மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"உமி மாதிரின்னு நீ சொன்னது சரிதான்," என்றார்.

ஆமினா கீழே மடுவுக்கு இறங்கிப் போனாள். இடுப்பளவில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் பாறை விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிடவில்லை. அவர் கையை உயர்த்தி, போதும், அதற்கு மேல் போகாதே என்று சாடை காட்டினார். அவள் இன்னும் இரண்டடி போனாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். ஆமினா சிரித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தாள்.

ஜூன் கடைசியில் சைபுல்லாவும் மனைவியும் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வந்து சேர்ந்தார்கள். சைபுல்லா சாமான் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, "மீராண்ணே, என் கத்திய நானே தேட வேண்டாம்னு ஆக்கிட்டீங்க," என்றார். குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டது, வலங்கைமானில் நாற்று விட்டாயிற்று என்று மெஹராஜ் பேகம் போனில் சொன்னாள். எப்போது வருகிறாய் என்றும் கேட்டாள். ஆமினா வாயைத் திறப்பதற்கு முன்னால், தண்ணீர்த்தொட்டி மேட்டில் பக்கத்தில் நின்ற மீரா உசேன் குனிந்து போனில் சொன்னார்: "இன்னும் ஒரு பத்து நாள் ஆகும்மா."

அன்று மாலை அம்சம் பலாப்பழம் அறுத்துக்கொண்டே, கிழக்குப் பக்கம் அடுத்த மலையில் இன்னொரு அருவி இருப்பதாகச் சொன்னாள். புகையருவியைவிடப் பெரியதாம். டூரிஸ்ட் யாரும் போனதில்லையாம்.

"வழியில ஓடை வருமா?" என்று ஆமினா கேட்டாள்.

"மூணு எடத்துல."

"சுத்துவழி?"

"இருக்குக்கா. ஆனா ஒரே நாள்ல முடியாது. அங்க எங்க அண்ணன் வீடு இருக்கு, தங்கிட்டுத்தான் வரணும்."

ஆமினா புருஷனைப் பார்த்தாள். மீரா உசேன் கையில் ஒட்டியிருந்த பலாப்பாலைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?" என்று அம்சத்திடம் கேட்டார்.